சிறுதேரும் பொம்மரும்: அளவு குறைக்கப்பட்ட போரின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1

போர் விமானத்தை 72இல் ஒரு பங்காகவும் டாங்கியை 35இல் ஒரு பங்காகவும் சுருக்கி, பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, வண்ணம் பூசி, கண்ணாடிப் பேழைக்குள் வைக்கிற பொழுதுபோக்கு உலகம் முழுக்க இருக்கிறது. இதற்கென்று சங்கங்கள் உண்டு. சந்தா, மாதக் கூட்டம், கண்காட்சி, போட்டி, நடுவர், பரிசு எல்லாம் உண்டு. 1963இல் இங்கிலாந்தில் இப்படித் தொடங்கிய ஒரு சங்கத்துக்கு இன்று பல நாடுகளில் கிளைகள் இருக்கின்றன. நம்மூர்ப் பெருநகரங்களிலும் இதில் மூழ்கிக் கிடக்கிறவர்கள் இருக்கிறார்கள். திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ இப்படி ஒரு சங்கத்தை நான் பார்த்ததில்லை. ஒரு நல்ல 1/35 டாங்கிப் பெட்டியின் விலை இங்கே ஒரு கூலித் தொழிலாளியின் ஒரு வாரக் கூலிக்கு மேலே போகும்.

‘அப்புறம் எதுக்கு இதைப் பத்தி எழுதறீங்க? யாரோ நாலு பேர் பொம்மை செஞ்சு வெக்கிறாங்க, அவங்களை வுட்டுட வேண்டியதுதானே?’ என்று நண்பர்கள் கேட்டார்கள். விடலாம்தான். ஆனால் ஒரு பொருளைச் சிறிதாக்குவது வெறும் கைவேலை அல்ல. எதைச் சிறிதாக்குகிறோம், எதை விட்டுவிடுகிறோம், சிறிதாக்கியதை யார் எந்த உயரத்திலிருந்து பார்க்கிறார்கள் என்பவையெல்லாம் அதிகாரம் சார்ந்த கேள்விகள். லெவிஸ்ட்ராஸ் 1962இல் வெளிவந்த தன் நூலொன்றில் சிற்றுருவங்களைப் பற்றிச் சொல்கிறார்: பெரிய பொருளை நாம் பகுதி பகுதியாகத்தான் அறிகிறோம்; சிறிதாக்கப்பட்டதையோ முழுமையாக முதலில் அறிந்துவிடுகிறோம். அந்த அறிதல் பார்ப்பவனுக்கு அப்பொருளின்மீது ஒரு பிடியைத் தருகிறது. சரி, பொருள் போர் என்றால்? போரை முழுமையாக முதலில் அறிந்துகொள்கிற இடத்தில் யார் நிற்கிறார்கள்? அதைப் பகுதி பகுதியாக, அதுவும் தங்கள் உடம்பில் பட்ட பகுதியாக மட்டும் அறிகிறவர்கள் யார்? இந்தக் கட்டுரை இந்தக் கேள்வியைச் சுற்றியே போகிறது.

தமிழில் இந்தக் கதை பிளாஸ்டிக்கில் தொடங்கவில்லை. முக்காற் சிறுதேர் உருட்டும் பிள்ளைகளைப் பட்டினப்பாலை காட்டுகிறது. தேர் அன்றைக்குப் போர் வாகனம். பின்னால் வந்த பிள்ளைத்தமிழ் இலக்கணம் விளையாட்டைப் பால்வாரியாகப் பிரித்து வைத்தது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். இதில் சிற்றில் பருவத்தைக் கவனியுங்கள். மணலில் சின்ன வீடு கட்டுவது சிறுமிகள். ஆண் பிள்ளைக்குரிய செயல் அதைச் சிதைப்பது. ‘எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே’ என்று அவர்கள் அவனை வேண்டுவதாகப் பாடல் அமையும். அதன் பிறகு அவன் பறை முழக்குவான், தேர் உருட்டுவான். வீட்டின் மாதிரி ஒரு பாலுக்கு, போர் வாகனத்தின் மாதிரி இன்னொரு பாலுக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு காலடி. பக்தியும் கொஞ்சலுமாகப் படித்துப் பழகிய இந்தப் பிரதிக்குள் ஒரு வன்முறை இலக்கணம் விளையாட்டாகப் பதிந்திருக்கிறது. சிற்றில் சிதைந்த பிறகுதான் சிறுதேர் ஓடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

2

நவீன அர்த்தத்தில் அளவு பிசகாத போர் மாதிரியைத் தொடங்கி வைத்தது அரசு, குழந்தைகள் அல்ல. 1668இல் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் போர் அமைச்சர் லூவா, எல்லைக் கோட்டை நகரங்களை 600இல் ஒரு பங்காக மரத்திலும் காகிதத்திலும் பட்டிலும் செய்யச் சொன்னார். கோட்டைச் சுவர், அகழி மட்டுமல்ல. சுற்றியிருக்கிற வயல், மரம், வீடு, சரிவு எல்லாம் அளந்து செய்யப்பட்டன. பீரங்கியை எங்கே நிறுத்தினால் எதுவரை சுடலாம் என்று மேசையைச் சுற்றி நின்று முடிவெடுக்கலாம். இவை பாரீஸில் லூவர் அரண்மனையில் வைக்கப்பட்டன. கண்டவர்களும் பார்க்க முடியாது. அரச அனுமதி வேண்டும். 1777இல் அவை இன்வாலீத் கட்டடத்துக்கு மாற்றப்பட்டன. 1815இல் நெப்போலியன் தோற்றபோது பிரஷ்யப் படை இவற்றில் சிலவற்றைப் பெர்லினுக்கு அள்ளிக்கொண்டு போனது. ஒரு நகரத்தின் மாதிரியை வைத்திருப்பதே அந்நகரத்தின்மீது ஒரு பிடி என்பது படைகளுக்குத் தெரிந்திருந்தது.

இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1706இல் கட்டி முடித்த லூயி கோட்டை, வோபான் என்ற பொறியாளரின் பாணியில், தூர்னே நகரக் கோட்டையைப் பார்த்துக் கட்டப்பட்டது. தூர்னேயின் சின்ன மாதிரியும் செய்யப்பட்டது. அது இன்றும் பிரான்சின் லீல் நகர அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. புதுச்சேரியின் முழு அளவுக் கோட்டை என்ன ஆனது? 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. அந்த ஆண்டே திண்டிவனத்துக்கு அருகிலிருக்கும் பெருமுக்கல் மலைக்கோட்டையை ஆங்கிலத் தளபதி கூட் பிடித்தார். முற்றுகையில் பட்டினி கிடந்த புதுச்சேரி 1761 ஜனவரியில் சரணடைந்தது, கோட்டை இடிக்கப்பட்டது. ஏப்ரலில் செஞ்சியும் வீழ்ந்தது. இரண்டு ஐரோப்பியக் கம்பெனிகள் மோதிக்கொண்ட இந்தப் பாதையில்தான் நம்முடைய கிராமங்கள் இருந்தன. படைக்கு நெல்லும் மாடும் கூலியும் கொடுத்தவை, கொடுக்காதபோது கொளுத்தப்பட்டவை இவைதான். இவற்றுக்கு எந்த மேசையிலும் மாதிரி இல்லை. பெருமுக்கல் மலைமேல் ஏறிப் பார்த்தால் சுற்றிலும் ஏரியும் வயலும் ஊரும் சின்னச் சின்னதாகத் தெரிகின்றன. கோட்டை கட்டுகிறவன் முதலில் மலையைத் தேடியது ஏன் என்று அப்போது புரிகிறது. மலையே அவனுக்கு ஓர் அளவுகோல்.

செஞ்சியின் கதை இன்னும் நீள்கிறது. 1677இல் சிவாஜி அதைப் பிடித்தார். 1690இலிருந்து 1698 வரை மொகலாயப் படை அதை முற்றுகையிட்டது. 1714இல் ஆற்காட்டு நவாபோடு மோதி மாண்ட தேசிங்கு ராஜனின் கதைப்பாடலில் ராஜாவுக்கு இணையாக அவன் குதிரை நிற்கிறது. மராட்டியத்தில் தீபாவளிக்குச் சிறுவர்கள் மண்ணில் சிவாஜியின் கோட்டைகளைச் சின்னதாகக் கட்டி, மேலே வீரர் பொம்மைகளை நிறுத்துகிற வழக்கம் உண்டு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ ‘இந்தியாவின் மராட்டிய இராணுவ நிலவெளிகள்’ என்ற தலைப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும். நாயக்கர், பீஜப்பூர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், அதோடு கல் சுமந்த நம் முன்னோர் என்று பல கைகள் பட்ட கோட்டை, ஒரே பெயர்ப்பலகைக்குள் சுருங்கிவிட்டது. சிறிதாக்கம் என்றால் சென்டிமீட்டர்க் கணக்கு மட்டுமல்ல.

3

இருபதாம் நூற்றாண்டில் இந்த அரச ரகசியம் கடைச் சரக்காகிறது. எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1913இல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாடும் போருக்கு விதிகள் எழுதி ஒரு நூல் போட்டார். நிஜப் போரைவிட இந்தப் போர் எவ்வளவோ மேல் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே உலகப் போர் வந்தது. பொம்மைப் போர் நிஜப் போருக்கு மாற்று என்ற நம்பிக்கைக்குக் கிடைத்த பதில் அது.

1932இல் இங்கிலாந்தில் ‘ஸ்கைபேர்ட்ஸ்’ என்ற மர விமானங்கள் 1/72 அளவில் வந்தன. ஏன் 72? ஆறடி என்பது 72 அங்குலம். ஆறடி ஆள் ஓர் அங்குலம் ஆகிவிடுவான். ஆக, இன்றைக்கு உலகம் முழுக்கப் பயன்படும் இந்த அளவுகோல் விமானத்தில் ஏறி உட்காருகிற ஆறடி மனிதனிலிருந்து எடுக்கப்பட்டது. கீழே நிற்கிறவர்களின் உயரத்தை யாரும் கேட்கவில்லை. 1936இல் ‘ஃபிராக்’ நிறுவனம் இதே அளவில் பிளாஸ்டிக் விமானங்களைக் கொண்டுவந்தது.

பிறகு நடந்ததுதான் முக்கியம். 1942இல் அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மாதிரி விமானங்களைச் செய்து தரும்படி கேட்டது. ஐம்பது வகை விமானங்கள், வகைக்குப் பத்தாயிரம், எல்லாம் 1/72 அளவு. வானத்தில் வருவது நம்முடையதா எதிரியுடையதா என்று நிழலுருவை வைத்தே கண்டுபிடிக்கச் சிப்பாய்களுக்கும் காவல் நிற்கிறவர்களுக்கும் பயிற்சி தர இவை தேவைப்பட்டன. பள்ளிக்கூடத் தச்சுப் பட்டறைகள் ஆயுதத் தொழிற்சாலையின் கிளைகளாயின. மாணவர்களுக்குச் சான்றிதழும் கௌரவப் பட்டமும் கிடைத்தன. பிரிட்டனில் விமானங்களை அடையாளம் காண்பதற்கென்றே மன்றங்கள் இருந்தன. மாதிரிச் சங்கங்களின் வேர் இங்கேயும் இருக்கிறது. விளையாட்டு போரைப் பார்த்துப் போலி செய்தது என்று சொல்வது வழக்கம். இங்கே போர்தான் விளையாட்டை வேலைக்கு எடுத்துக்கொண்டது. பிள்ளைகளின் விரல் நுட்பம், பொறுமை, ஓய்வு நேரம் எல்லாம் போர் உழைப்பாக மாறின. ‘பொழுதுபோக்கு’ என்ற சொல் இந்த உழைப்பை மறைக்கிறது.

4

போர் முடிந்தது, மாதிரிகளின் பொற்காலம் தொடங்கியது. 1939இல் நிக்கலஸ் கோவ் என்ற ஹங்கேரிய அகதி லண்டனில் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ், முதலில் காற்றடைத்த ரப்பர் பொம்மைகளும் சீப்புகளும் செய்தது. 1950களில் ஸ்பிட்ஃபயர் விமானத்தைப் பையில் போட்டு மலிவு விலைக்கு விற்றது. பேரரசை இழந்துகொண்டிருந்த ஒரு நாட்டின் சிறுவர்கள் அதன் கடைசி வெற்றியைச் சாப்பாட்டு மேசையில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜப்பானில் நடந்தது இன்னும் விசித்திரம். ஷிசுவோகா நகரம் 1945 ஜூனில் அமெரிக்க பி-29 விமானங்களின் தீக்குண்டுகளால் எரிந்தது. அங்கே 1946இல் மரம் அறுக்கும் ஆலையாகத் தொடங்கியது தமியா நிறுவனம். மர மாதிரிகள், பிறகு பிளாஸ்டிக். 1961இல் ஜெர்மன் பாந்தர் டாங்கியை மோட்டார் வைத்து வெளியிட்டார்கள். உள்ளே மோட்டாரும் இரண்டு பேட்டரியும் அடங்க வேண்டும். அந்தக் கணக்கில் வந்த அளவுதான் 1/35. டாங்கி மாதிரிகளின் உலகப் பொது அளவாக இன்று நிற்பது ஒரு பேட்டரியின் உடம்பு! போரைத் துறப்பதாக 1947 அரசியல் சட்டத்தின் 9ஆம் பிரிவில் எழுதிக்கொண்ட நாடு, உலகத்துக்கே டாங்கி பொம்மை விற்றது. எரிந்த நகரத்திலிருந்து இந்தத் தொழில் எழுந்ததைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை, பிழைப்பு அது. ஆனால் எந்த அளவுப் பெட்டியிலும் எரிந்த ஷிசுவோகா கிடைக்காது.

ஜெர்மனியில் சட்டப்படி ஸ்வஸ்திகாவைக் காட்டக் கூடாது. ஆகவே அங்கே விற்கிற பெட்டிகளில் விமானத்தின் வால் வெறுமையாக இருக்கும். டாங்கியைக் கட்டலாம், விமானத்தைக் கட்டலாம், குறியை மட்டும் ஒட்டக் கூடாது. சட்டம் குறியைக் குற்றமாகப் பார்க்கிறது. எந்திரத்தை வெறும் எந்திரமாகப் பார்க்கிறது. எந்திரத்துக்கு அரசியல் இல்லை என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் மொத்தச் சித்தாந்தமும். வாஷிங்டனில் 1995இல் நடந்தது இதன் பெரிய வடிவம். ஹிரோஷிமாவில் குண்டு போட்ட எனோலா கே விமானத்தைக் காட்சிக்கு வைக்கும்போது, குண்டு விழுந்த இடத்தில் என்ன ஆனது என்பதையும் காட்டத் திட்டமிட்டார்கள். முன்னாள் இராணுவத்தினரும் அரசியல்வாதிகளும் எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது, அருங்காட்சியக இயக்குநர் பதவி விலகினார். பளபளப்பான விமானத்தின் உடற்பகுதி மட்டும் காட்சிக்கு வந்தது. கண்ணாடிப் பேழை மாதிரி, முழு அளவில்.

மாதிரி செய்கிறவர்களின் கலையில் ஓர் உச்சம் உண்டு: புதுசாக ஒட்டிய டாங்கியைப் பழசாக்குவது. சக்கரத்தில் சேறு, ஓரங்களில் துரு, புகைபோக்கியில் கரி, வெயிலில் வெளுத்த வண்ணம். மெல்லிய தூரிகையில் நாள்கணக்காக இதைச் செய்கிறார்கள். போட்டிகளில் நடுவர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். அந்தப் பொறுமையைப் பார்த்தால் மரியாதைதான் வருகிறது. ஆனால் பாருங்கள், டாங்கி எந்த மண்ணில் ஓடியது என்று சேற்றின் நிறத்தை ஆராய்கிற இந்த அறிவு, அந்த மண்ணில் யார் குடியிருந்தார்கள் என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. வரலாறு என்பது எந்திரத்தின் மேல் படிந்த அழுக்கு மட்டும் என்றாகிவிடுகிறது. பிரெஞ்சுப் பொம்மைகள் பெரியவர்களின் உலகத்தைக் குழந்தைக்கு முன்கூட்டியே இயற்கையாக்கித் தருகின்றன என்று பார்த் 1950களில் எழுதினார். இங்கே இயற்கையாவது போர் மட்டுமல்ல. மனிதர் இல்லாத போர்.

5

நம் நாட்டுக்கு வருவோம். மாதிரி விமானம் செய்வது இங்கே வெறும் தனியார் பொழுதுபோக்காக இல்லை. 1948 சட்டத்தின்படி உருவான தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானம் செய்வதும், கடற்படைப் பிரிவில் மாதிரிக் கப்பல் செய்வதும் பயிற்சியின் பகுதி. அகில இந்திய முகாம்களில் போட்டியும் உண்டு. எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் நான் பார்த்தது தரைப்படைப் பிரிவுதான்: காக்கி, பூட்ஸ், பரேடு, முடிவில் பரோட்டா. ‘சி’ சர்டிபிகேட் வாங்கினால் போலீஸிலோ பட்டாளத்திலோ சேரலாம் என்று வெயிலில் நின்ற பையன்கள் பெரும்பாலும் நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகள். ஒரு பக்கம் வானத்தின் மாதிரியைக் கையில் வைத்துக் கற்கிறவர்கள், இன்னொரு பக்கம் உடம்பையே பயிற்சிப் பொருளாகக் கொடுக்கிறவர்கள். இந்தப் பிரிவினையைக் கவனிக்காமல் ‘தேசபக்தி’ பற்றிப் பேசக் கூடாது.

டாங்கி எங்கே செய்யப்படுகிறது? ஆவடியில். 1961இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் ‘விஜயந்தா’ வெளிவந்தது. பிறகு ‘அஜேயா’, ‘அர்ஜுன்’. பெயர்களைப் பாருங்கள். விழுப்புரம் மாவட்டத்திலிருந்தும் தொழிலாளர்கள் போய் உழைத்த இடம் அது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு கம்பெனிகளாக ஒன்றிய அரசு பிரித்தது. அதற்கு முன்பே, எதிர்த்த தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய முடியாதபடி அத்தியாவசியப் பாதுகாப்புச் சேவைகள் சட்டம் வந்தது. இதே அரசாட்சியின் கீழ்தான், 2017 ஜூலையில், ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத் துணைவேந்தர், மாணவர்களுக்கு இராணுவத்தின்மீது மரியாதை வர வளாகத்தில் ஒரு டாங்கி நிறுத்த வேண்டும் என்று கேட்டார். டாங்கியை வணங்கணும், டாங்கி செய்யறவன் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் கணக்கு. நகரச் சந்திகளில் பீடத்தின்மேல் நிற்கும் பழைய டாங்கி ஒரு முழு அளவு மாதிரிதான்: எஞ்சின் ஓடாது, வண்ணம் மட்டும் புதுசு.

2018 ஏப்ரலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவிடந்தையில் நான்கு நாள் ஆயுதக் கண்காட்சி நடந்தது. இந்த மாதிரிச் சந்தைகளில் கப்பலையோ நீர்மூழ்கியையோ தூக்கிக்கொண்டு வர முடியாது. கம்பெனிகள் மேசைமேல் மாதிரிகளை வைத்துத்தான் பேரம் பேசுகின்றன. ஆக மாதிரி என்பது போருக்குப் பின்னால் வரும் நினைவுப்பொருள் மட்டுமல்ல. போருக்கு முன்னால் வரும் சாம்பிளும் அதுதான். பட்டுப்புடவைக் கடையில் துண்டு காட்டுவதைப் போல. அதைத் திறந்துவைக்கப் பிரதமர் வந்தபோது காவிரிக்காகக் கறுப்புக்கொடி பறந்தது. அந்தப் போராட்டத்தில் நின்ற நம் தோழர்கள் பலர் தண்ணீரைப் பற்றிப் பேசினார்கள்; கண்காட்சியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. பேசியிருக்க வேண்டும்.

வீட்டுக்குள்ளும் இது வந்தது. 1999 கார்கில் போருக்குப் பிறகு நவராத்திரிக் கொலுவில் பனிமலை, சிப்பாய், பீரங்கி, தேசியக்கொடி எல்லாம் வைத்த காட்சிகளைப் பார்த்தோம். விழுப்புரத்தை அடுத்த அய்யங்கோயில்பட்டுப் பகுதியில் காகிதக்கூழில் பொம்மை செய்து பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளையாரைப் பொம்மை அளவிலிருந்து ஊர்வல அளவுக்கு ஊதிப் பெருக்கியதும், போரைக் கொலுப்படி அளவுக்குச் சுருக்கியதும் ஏறக்குறைய ஒரே காலத்து அரசியல். கூழ் பிசைகிற கைகளுக்கு இரண்டிலும் கூலி மட்டும்தான்.

6

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போய்க் கடற்கரைச் சாலையில் தெற்கே இறங்கினால், புதுச்சேரி எல்லைக்கு முன்னால் கீழ்புத்துப்பட்டு. அங்கே மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில் இருக்கிறது. குதிரை, யானை, வீரர் என்று சுடுமண் உருவங்கள். ஐயனார் இரவில் குதிரையேறி ஊரைக் காவல் காக்கிறார். ஆகவே நேர்த்திக்கடனாகக் குதிரை செய்து வைக்கிறார்கள். அதுவும் போர் வாகனத்தின் மாதிரிதான். சில ஐயனார் கோயில்களில் துப்பாக்கி பிடித்த சிப்பாய் உருவங்கள்கூட நிற்கின்றன. ஆனால் இந்த மாதிரிக்கு வேறு இலக்கணம். அளவுகோல் இல்லை. சில குதிரை நிஜக் குதிரையைவிடப் பெரிசு. சிலது முழங்கால் உயரம். நேர்ந்துகொண்டவரின் வசதியும் சூளையின் அளவும்தான் கணக்கு. சுட்டு, வண்ணமடித்து, கொண்டுவந்து வைத்தால் அதோடு சரி. மழையில் வண்ணம் போகும், கால் உடையும், புல் முளைக்கும், யாரும் ஒட்டவைப்பதில்லை. அடுத்த நேர்த்திக்குப் புதுக் குதிரை. பிளாஸ்டிக் டாங்கியில் சிதைவு வரைந்து வைக்கப்படுகிறது. மண்குதிரையில் சிதைவு நடக்கிறது.

இதைச் சொல்வதால் ஊரை நான் கொண்டாடுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குதிரை செய்த குயவர் ஊரின் படிநிலையில் எங்கே வைக்கப்பட்டார் என்பது நமக்குத் தெரியும். விழுப்புரத்துக்குப் பக்கத்தில் மேல்பாதியில், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைந்ததற்காக நடந்த வன்முறையும், 2023 ஜூனில் கோயிலுக்கு வைக்கப்பட்ட சீலும் நேற்று நடந்தவை. யாருடைய ஊரை யாரிடமிருந்து அந்தக் குதிரை காவல் காக்கிறது என்ற கேள்வியும் உண்டு.

அதே கீழ்புத்துப்பட்டில்தான் ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கான முகாம் இருக்கிறது. 2021இல் தமிழக அரசு அகதி முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயர் மாறியது, 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை. அங்கே ஒரு வயதான அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது மேலே ஏதோ விமானம் போனது. அவர் நிமிரவில்லை. ‘சத்தத்திலயே தெரியும் தம்பி, எது பொம்மர் எது சகடை எண்டு. பார்த்துக்கொண்டு நிண்டா ஆள் மிஞ்சாது’ என்றார்.

பொம்மர், சகடை, ஹெலி, கிபிர். ஈழத்தமிழில் இவை அன்றாடச் சொற்கள். குண்டுவீச்சு விமானம் பொம்மர். மெதுவாக உருண்டு வருகிற சரக்கு விமானம் சகடை. 1996இல் இலங்கை விமானப்படை வாங்கிய இஸ்ரேலிய விமானம் கிபிர். இது ஒரு வகைப்பாட்டு அறிவு. பிரிட்டனின் மன்றங்களிலும் அமெரிக்கப் பள்ளிகளிலும் கறுப்பு மாதிரிகளை வைத்துக் கற்றுக்கொடுத்த அதே அறிவை, யாழ்ப்பாணத்துச் சிறுவர்கள் மாதிரி எதுவும் இல்லாமல் காதால் கற்றார்கள். எந்தச் சத்தத்துக்கு எவ்வளவு நேரத்தில் பங்கருக்குள் இறங்க வேண்டும் என்பது அதன் பாடத்திட்டம். 1995 ஜூலை 9 அன்று நவாலியில், இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த தேவாலயத்தின்மீது குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தப்பிப்பதற்கு அந்த அறிவும் போதவில்லை.

கிபிர் விமானத்துக்கும் பிளாஸ்டிக் கிட் உண்டு. இறக்கையின் கோணம், விமானி அறையின் நிறம், குண்டு தொங்குகிற கொக்கி எல்லாம் துல்லியமாக இருக்கும். அதைக் கட்டுகிறவர் கிபிரைப் பற்றி அந்த அம்மாவைவிட நூறு மடங்கு விவரம் சொல்வார். ஆனால் இரண்டும் ஒரே பொருளைப் பற்றிய அறிவா? ஒருவர் அதை முழுமையாக, மேலிருந்து, கைக்குள் அடக்கி அறிகிறார். இன்னொருவர் அதைப் பார்த்ததேயில்லை. பார்க்காமல் குனிந்ததால் உயிரோடு இருக்கிறார். முதல் அறிவுக்குப் புத்தகம், சங்கம், போட்டி, பரிசு எல்லாம் இருக்கிறது. இரண்டாவது அறிவுக்கு ஒரு சொல் இருக்கிறது: பொம்மர். அதை நம் அகராதிகளில் தேடிப் பாருங்கள்.

வென்றவர்களும் மாதிரி வைக்கத் தவறவில்லை. 1991 ஆனையிறவுச் சமரில் புலிகள் இரும்புத்தகடு அடித்துக் கவச வண்டியாக்கிய புல்டோசர் ஒன்றைத் தன் உயிரைக் கொடுத்து நிறுத்திய சிங்களச் சிப்பாயின் நினைவிடமாக அந்த வண்டி இன்று ஆனையிறவில் நிற்கிறது. 2009க்குப் பிறகு புதுக்குடியிருப்பில் புலிகளின் படகுகளையும் நீர்மூழ்கிகளையும் அடுக்கி ஓர் இராணுவக் கண்காட்சி வைத்தார்கள். தெற்கிலிருந்து பேருந்துகளில் வந்து பார்த்தார்கள். சுற்றியிருந்த மக்களின் இடிந்த வீடுகள் காட்சிப்பொருளாகவில்லை. வாகனம் நினைவாகிறது. வீடு இடிபாடாகவே கிடக்கிறது.

7

பொம்மைத் துப்பாக்கியைத் தடை செய், டாங்கி கட்டுகிறவனைத் திட்டு என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அது சுலபம், பயனும் இல்லை. மாதிரி கட்டுகிறவர்களில் பலருக்குப் போர் வரலாறு நம் மேடைப் பேச்சாளர்களைவிட நன்றாகத் தெரியும். எந்த எஞ்சின் எப்போது கோளாறானது, எந்தத் தளபதி எங்கே பொய் சொன்னார் என்றெல்லாம் தெரிந்தவர்கள் அவர்கள். அந்த நுணுக்கமும் பொறுமையும் அவமதிப்புக்குரியவை அல்ல. நம் கேள்வி அவை எங்கே நிறுத்தப்படுகின்றன என்பது.

ஆகவே ஒரு கோரிக்கை, கொஞ்சம் விளையாட்டாகவும். 1/35 அளவில் டாங்கி இருக்கட்டும். அதே 1/35 அளவில், அது ஏறிப்போன வீட்டையும் கட்டுங்கள்: அடுப்பு, அரிவாள்மனை, பள்ளிக்கூடப் பை, கிணற்றடி வாளி. 1/72 அளவில் கிபிர் இருக்கட்டும். அதற்குக் கீழே அதே அளவில் தென்னங்குற்றி போட்ட பங்கரையும், உள்ளே காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருப்பவரையும் வையுங்கள். அளவு சரியாக இருந்தால் அவர் அரை அங்குலம்கூட வரமாட்டார். ஆறடி விமானியின் உடம்பிலிருந்து எடுத்த அளவுகோலுக்கு அப்போதுதான் ஒரு சோதனை வரும். ஆவடி டாங்கியைச் செய்கிறவர்கள் வாயிலில் நிற்கும் தொழிலாளியையும் செய்யட்டும், கையில் கோரிக்கை அட்டையோடு.

அரசன் சிறிதாக்கினான், படை சிறிதாக்கியது, கம்பெனி சிறிதாக்கியது. ஒவ்வொரு தடவையும் விட்டுப்போனது ஒன்றேதான். பிள்ளைத்தமிழின் இலக்கணப்படி சிற்றில் சிதைந்த பிறகு சிறுதேர் வருகிறது. தேரைப் பாடுகிற பாட்டில் வீட்டைப் பற்றிப் பேச்சில்லை. நமது எழுத்தின் வேலை அந்த வரிசையை மறுப்பது. தேரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் வீடு கட்டிக்கொண்டிருந்தவளைக் கேட்பது.